வயதா, புகையா? ஒரு மாணவனின் கேள்விக்குப் பதில்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

என் பெரியப்பா மகன், எங்கள் எல்லோருக்கும் பெரியண்ணன், சென்ற வாரம் காலமானார். வயது 69. கணையப் புற்றுநோய். பசியில்லை, முதுகு வலிக்கிறது என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்கேன் எடுத்த ஐந்தாவது மாதம் போய்விட்டார்.

துக்க வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். "வயசாயிடுச்சு, ஏதோ ஒரு வியாதி வரத்தானே செய்யும்" என்றார் ஒருவர். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "அந்தக் காலத்துல அவர் ஊதுன ஊதுக்கு..." என்று இழுத்தார். ஜன்னலுக்கு உள்பக்கம் அண்ணி உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும்.

கிளம்பும்போது, என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒருவன் வந்தான். இப்போது அவனுக்கு 43 வயது, இரண்டு பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டுக் கேட்டான்: "சார், புகை நுரையீரலுக்குத்தானே போகுது? கணையத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? வயசுதானே சார் காரணம்?"

அங்கே நின்று பாடம் நடத்த மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து நான்கு நாள் படித்தேன். தம்பி, நீ கேட்ட கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க உலகத்துக்கு ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகள் ஏறிக்கொண்டே போயின. ஏன் என்று பார்க்கச் சொல்லி இருவரிடம் வேலை வந்தது. ஒருவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவர், காசநோய் வந்ததால் புள்ளியியல் பக்கம் திரும்பியவர். மற்றவர் ரிச்சர்ட் டால் என்ற இளம் மருத்துவர். தார்ச் சாலையும் மோட்டார் வண்டிப் புகையும்தான் காரணமாக இருக்கும் என்று டால் முதலில் நினைத்தார். அவரே சிகரெட் பிடிப்பவர். லண்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளை விசாரித்த கணக்கு கைக்கு வர வர, தாமே சிகரெட்டை விட்டுவிட்டார். அந்த ஆய்வு 1950இல் வெளிவந்தது.

"நோய் வந்தவனைக் கேட்டால் பழசையெல்லாம் சரியாகவா சொல்வான்?" என்று பலர் நம்பவில்லை. அதனால் 1951 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டர்களுக்கே ஏறத்தாழ 60,000 கடிதம் அனுப்பினார்கள். நீங்கள் புகைப்பவரா, எவ்வளவு, எத்தனை ஆண்டாக என்று சில கேள்விகள்தான். 40,000க்கும் மேற்பட்டவர்கள் பதில் போட்டார்கள். டாக்டர்களின் பெயர் பதிவேட்டில் இருக்கும். யார் எப்போது, எதனால் இறந்தார் என்று தொடர்ந்து பார்க்கலாம். அப்படியே 50 ஆண்டுகள் பார்த்தார்கள்.

இனி வயது விஷயத்துக்கு வருவோம். 1954இல் அதே டாலும் பீட்டர் ஆர்மிட்டேஜ் என்ற புள்ளியியலாளரும் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1950, 1951 சாவுக் கணக்கை எடுத்து, ஒவ்வொரு புற்றுநோய்க்கும் வயதுவாரியாகப் படம் வரைந்தார்கள். வயிறு, பெருங்குடல், கணையம் என்று பலவற்றிலும் ஒரே மாதிரிக் கோடு வந்தது. சாவு விகிதம் வயதின் சுமார் ஆறாம் அடுக்காக ஏறியது. ஏழாம் வகுப்பில் அடுக்குக்குறி நடத்தினேனே, நினைவிருக்கிறதா? 35 வயது 70 ஆனால் வயது இரண்டு மடங்குதான். ஆனால் இரண்டின் ஆறாம் அடுக்கு 64. ஒரு செல் கெட்டுப்போகப் பல படிகள் உண்டு, ஒவ்வொரு படிக்கும் காலம் ஆகிறது என்று அவர்கள் இதற்கு விளக்கம் சொன்னார்கள்.

ஆக, "வயசுதான் காரணம்" என்று சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் வயது இவ்வளவு பெரிய சக்தியாக இருப்பதாலேயே, அதன் நிழலில் புகை ஒளிந்துகொள்ளவும் முடியும்.

இதற்கு வில்லியம் காக்ரன் என்ற புள்ளியியலாளர் 1968இல் காட்டிய உதாரணத்தை நான் ஆசிரியராக இருந்தபோதே படித்திருந்தால் வகுப்பில் சொல்லியிருப்பேன். கனடாவில் நடந்த ஆய்வு அது. எல்லா நோய்களும் சேர்த்து, ஆண்டுக்கு 1000 ஆண்களில் எத்தனை பேர் இறந்தார்கள்? புகைக்காதவர்களில் 20.2. சிகரெட் பிடிப்பவர்களில் 20.5. சுருட்டு, பைப் பிடிப்பவர்களில் 35.5. பார்த்தால் என்ன தோன்றும்? சிகரெட் ஒன்றும் செய்யாது, சுருட்டுதான் ஆளைக் கொல்லும் என்றுதானே?

இப்போது அவர்களின் சராசரி வயதைப் பாருங்கள். புகைக்காதவர்கள் 54.9. சிகரெட்காரர்கள் 50.5. சுருட்டுக்காரர்கள் 65.9. கிழவர்களையும் இளையவர்களையும் ஒரே தராசில் வைத்திருக்கிறோம். வயதைச் சமப்படுத்தித் திரும்பக் கணக்குப் போட்டால் புகைக்காதவர் 20.2, சிகரெட் 29.5, சுருட்டு 19.8. முடிவு தலைகீழாகிவிட்டது. சிகரெட் செய்த வேலையை, பிடிப்பவர்களின் இளமை மறைத்து வைத்திருந்தது. (இந்தக் கணக்கைப் பார்த்துச் சுருட்டுக்கு மாறிவிடாதீர்கள். அதுவும் புற்றுநோய் தருவதுதான் என்று பின்னர் தெளிவாகிவிட்டது.)

கணையத்தின் கதை இன்னும் மெதுவாக நகர்ந்தது. அது வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உறுப்பு. நோய் முற்றும்வரை பெரும்பாலும் அறிகுறி இல்லை. நுரையீரல் புற்றுநோயில் புகைப்பவருக்கு ஆபத்து பல மடங்கு. அது கண்ணை உறுத்தும். கணையத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்குதான். அதை உறுதிப்படுத்தப் பெருங்கூட்டமும் நீண்ட காலமும் வேண்டும். 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, ஆண்களின் நுரையீரல், குரல்வளைப் புற்றுநோய்களுக்குத்தான் சிகரெட் காரணம் என்றது. 1982 அறிக்கை கணையப் புற்றுநோய்க்குச் சிகரெட் ஒரு துணைக் காரணம் என்றது. 1986இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு கணையத்தைப் பட்டியலில் சேர்த்தது. 2004இல் அமெரிக்க அறிக்கையும் 'காரணம்தான்' என்று முடித்துவிட்டது.

சம்பந்தம் என்ன என்று கேட்டாய். நுரையீரலுக்குள் போகும் நஞ்சு அங்கேயே நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது, கணையத்துக்கும் போகிறது. வாயில் போடும் புகையிலையும் அந்த அமைப்பின் பட்டியலில் கணையத்துக்கு நேராக இருக்கிறது. வாயில் அடக்கிக்கொள்ளும் உறவினர்கள் கவனிக்கவும்.

2010இல் அமெரிக்க விஞ்ஞானிகள் இந்த நோயால் இறந்தவர்களின் கட்டிகளில் மரபணு மாற்றங்களை எண்ணிப் பார்த்தார்கள். முதல் கோளாறு தோன்றி முழுப் புற்றுச் செல்லாக மாறக் குறைந்தது பத்தாண்டு. பரவும் தன்மை வர மேலும் ஐந்தாண்டாவது. அதன்பின் சராசரியாக இரண்டே ஆண்டு என்று கணித்தார்கள். அப்படியென்றால் 69 வயதில் தெரிந்த நோய், ஐம்பதை ஒட்டிய வயதிலேயே சத்தமில்லாமல் விதை ஊன்றியிருக்கலாம்.

ஆகவே வயதா, புகையா என்பது தப்பான கேள்வி. இரண்டும் கூட்டல் அல்ல, பெருக்கல். 40 வயதில் ஆபத்து மிகச் சிறியது; அதன் இரண்டு மடங்கும் சிறியதுதான். அதனால்தான் புகைக்கும் இளைஞனுக்கு "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று தோன்றுகிறது. 70 வயதில் ஆபத்தே பெரிது, அதன் இரண்டு மடங்கு மிகப் பெரிது.

பந்தலில் குரல் தாழ்த்திப் பேசியவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கணையப் புற்றுநோயில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றோ நான்கில் ஒன்றோதான் புகையால் வருவது. வாழ்நாளில் பீடியைத் தொடாதவர்களுக்கும் வருகிறது. பத்தாயிரம் பேரைப் பார்த்துப் புகை எவ்வளவு செய்தது என்று சொல்லலாம். ஒரு மனிதரைக் காட்டி "இவருக்கு இதனால்தான்" என்று யாராலும் சொல்ல முடியாது. அண்ணனுக்கு எதனால் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அண்ணி காதில் விழும்படி அதைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு சார்" என்பாய். டாலுடன் வேலை செய்த ரிச்சர்ட் பீட்டோவும், சென்னை மருத்துவர் வேந்தன் கஜலட்சுமியும் மற்றவர்களும் நம் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்த 43,000 ஆண்களின் கணக்கை 2003இல் வெளியிட்டார்கள். இங்கே புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது நான்கு மடங்குக்கும் மேல். நோய் வேறு, கொல்வது அதே புகைதான்.

கடைசியாக நல்ல செய்தி. பிரிட்டிஷ் டாக்டர்களின் 50 ஆண்டுக் கணக்கு 2004இல் வந்தது. விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் 3 ஆண்டும், 50இல் விட்டவர்கள் 6 ஆண்டும், 40இல் விட்டவர்கள் 9 ஆண்டும் மீட்டுக்கொண்டார்கள். கணையத்தின் ஆபத்தும் விட்ட பிறகு இறங்கி, பத்து முதல் இருபது ஆண்டுகளில் புகைக்காதவர் அளவை நெருங்குகிறது. வயதை நிறுத்த முடியாது தம்பி. பெருக்கலில் மற்ற எண்ணை நீ மாற்றலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதிய இடைவேளையில் எனக்குச் சிகரெட் வாங்கி வரப் பெட்டிக்கடைக்கு அனுப்பியது உன்னைத்தான். வேகமாக ஓடுவாய் என்பதால் உன்னையே அனுப்புவேன். 38 வயதில் நான் விட்டுவிட்டேன், ஆனால் அதை ஒருநாளும் வகுப்பில் சொல்லவில்லை. விட்டதையாவது சொல்லியிருக்கலாம். அது என் தவறு. இப்போது எல்லோர் முன்னும் சொல்கிறேன், மன்னித்துவிடு.

கீழே யாரும் அவன் பெயரைக் கேட்க வேண்டாம். அவனுக்கே தெரியும். விட்ட அன்று எனக்கு ஒரு போன் போடு, அது போதும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்