அலிக்கினோ: ஒரு பேய்ப்பெயரின் வரலாறு

பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்துக் காண்பது தமிழ் இலக்கண மரபு. ஒரு மொழியில் பொருள் விளங்காது நிற்கும் பெயர், மற்றொரு மொழியில் புகும்போது காரணப்பெயர் போலத் தோற்றங் கொள்வதும் உண்டு. இத்தாலிய இலக்கியத்தில் வரும் அலிக்கினோ என்னும் சிறுபேயின் பெயர் இதற்குத் தக்க சான்றாகும்.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாந்தே இயற்றிய ‘கொமேதியா’வின் முதற்பகுதியான ‘இன்ஃபெர்னோ’வில், 21, 22ஆம் காண்டங்களில் இப்பேய் இடம்பெறுகிறது. பதவியைக் கொண்டு கையூட்டுப் பெற்றோர் அங்குக் கொதிக்கும் கீலில் அமிழ்ந்து கிடக்கின்றனர். அவர்களைக் கொக்கிகளால் குத்திக் காக்கும் பேய்களுள் பத்துப் பேரைத் தலைவன் மலக்கோடா பெயர் சொல்லி அழைக்கிறான். முதலில் அழைக்கப்படுபவன் அலிக்கினோ.

இப்பெயர்களுட் பல, பொருள் வெளிப்படையானவை. மலக்கோடா ‘தீய வாலன்’, கிராஃபியகானே ‘நாய்பிறாண்டி’. அலிக்கினோ என்பதையும் ‘ஆலி’ (சிறகுகள்), ‘கீனோ’ (தாழ்ந்த) எனப் பிரித்துச் ‘சிறகு தாழ்ந்தவன்’ எனப் பொருள் கொள்ள இயலும். ஆயின் பெயரின் வேர் வேறு என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

1091ஆம் ஆண்டின் முதல் நாளிரவில் நார்மண்டிக் குரு ஒருவர் இறந்தோரின் ஊர்வலத்தைக் கண்டதாக ஓர்டெரிக் விட்டாலிஸ் என்னும் துறவி 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதினார். அவ்வூர்வலம் ‘ஹெர்லெக்கினின் கூட்டம்’ எனப்படுகிறது. 1276ஆம் ஆண்டளவில் அராஸ் நகரத்து ஆதம் த லா ஹால் இயற்றிய நாடகத்தில் இப்பெயர் ஹெல்லெக்கின் என வருகிறது. அங்கு அவன் மோர்க் என்னும் வனதேவதைக்குக் காதல் தூது அனுப்பும் மன்னன்.

இவ்விரு வடிவங்களும் கருதத்தக்கவை. ஒன்றில் ரகர லகரங்கள் அடுத்து நிற்கின்றன. மற்றொன்றில் ரகரம் லகரமாகி இரட்டித்துள்ளது. அலிக்கினோ ரகரமற்ற வடிவை ஒட்டியது. 1580களில் மாந்துவா நகரத்து நடிகர் திரிஸ்தானோ மார்த்தினெல்லி பாரிசில் புகழ்பெறச் செய்த அர்லெக்கினோ என்னும் கோமாளி வேடமோ ரகர வடிவை ஒட்டியது. எனவே தாந்தேயின் பேயே மேடைக் கோமாளியின் தந்தை எனக் கொள்வதினும், இருவரும் ஒரே மூதாதையின் வழிவந்த உறவினர் எனக் கொள்வதே ஒலியியலுக்குப் பொருந்தும்.

எனினும் ‘சிறகு தாழ்ந்தவன்’ என்னும் பொருளைப் பிழையென ஒதுக்கிவிட இயலாது. 22ஆம் காண்டத்தில், தப்பியோட முனையும் நவார் நாட்டுக் கைதியிடம் தன் சிறகுகளின் வலிமையை அலிக்கினோ கூறி மிரட்டுகிறான். பின்பு கைதியின் அச்சத்தை அவனுடைய சிறகுகள் முந்த இயலாமற் போகின்றன. இறுதியில், சினந்து தாக்கிய கல்கபிரீனாவோடு கீலில் வீழ, இருவர் சிறகுகளும் ஒட்டிக்கொள்கின்றன. வேர் தராத பொருளைக் கதை பெயருக்குத் தந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளரின் இடர் இங்கேதான் எழுகிறது. ஆங்கிலத்தில் லாங்ஃபெல்லோ (1867) பெயரை அவ்வாறே வைத்தார். டோரதி சேயர்ஸ் (1949) ‘ஹெல்கின்’ என ஆக்கினார். வரலாறு மீண்டது, சிறகு மறைந்தது. ‘சிறகு தாழ்ந்தான்’ எனத் தமிழ்ப்படுத்தினால் சிறகு நிற்கும், வரலாறு மறையும். பெயரை ஒலிபெயர்த்து நிறுத்தி, மூன்று இடங்களிலும் ‘சிறகு’ என்னும் ஒரே சொல்லை மாற்றாது ஆளுவதே இழப்பைக் குறைக்கும் வழி. நடையழகு கருதி ஓரிடத்தில் ‘இறகு’ என்றும் மற்றோரிடத்தில் ‘இறக்கை’ என்றும் வேறுபடுத்தினால், அப்பெயருக்குக் கவிஞர் தந்த காரணம் படிப்போர் கண்ணிற் படாமலே போய்விடும்.