வயது இறங்கியது, தூரம் குறையவில்லை: தமிழகத்தில் ஆரம்பகால இடையீட்டுச் சேவையின் வரலாறு

காது கேளாத குழந்தைக்கு எந்த வயதில் உதவி தொடங்க வேண்டும்? இதற்குத் தமிழகம் தந்த பதில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் பலமுறை மாறியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிஷனரி புளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் பாளையங்கோட்டையில் தொடங்கிய பள்ளி, பள்ளி வயதை எட்டிய பிள்ளைகளுக்கானது. ராமநாதபுரம் சீமையின் பிள்ளை அங்கே படிக்க வீட்டைப் பிரிந்தே ஆக வேண்டும். அதற்குள் பேச்சு வேரூன்றும் முதல் ஆண்டுகள் கைநழுவிப் போயிருக்கும்.

திருப்பம் 1969இல் வந்தது. அந்த ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, பள்ளி வயதுக்குக் காத்திராமல் சின்னஞ்சிறு குழந்தைகளையே எடுத்துக்கொண்டது. செவித்துணைக் கருவி பொருத்தி, தாயையும் உடன் அமர்த்திப் பேச்சைக் கேட்கப் பழக்கினார்கள். வீட்டில் நாள் முழுதும் குழந்தையோடு பேசப்போகிறவள் தாய்தான் என்பதால், பயிற்சியில் பாதி அவளுக்கே. இதைத்தான் இந்த வரலாற்றின் பெரிய கண்டுபிடிப்பு என்பேன். 1989இல் சென்னையில் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், அறிவு வளர்ச்சி தாமதப்பட்ட ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதே வழியைக் கைக்கொண்டது.

அறிவியலும் கைகொடுத்தது. நல்ல உள்காது தானே மெல்லிய ஒலி எழுப்புகிறது என்று 1978இல் டேவிட் கெம்ப் காட்டினார். இன்று தூங்கும் சிசுவின் காதில் சிறு முனையைச் செருகிச் சில நிமிடங்களில் அந்த ஒலி எழுகிறதா என்று பார்த்துவிடலாம். ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகளின் மொழி வளம் மேம்பட்டிருப்பதை 1998இல் யோஷினாகா-இட்டானோ குழுவின் ஆய்வு நிறுவியது.

அரசு இந்த ஆரம்பகாலக் கண்டறிதலைப் பரவலாக்கியது 2013இல். பிறப்பு முதல் 18 வயது வரை 30 வகைக் குறைகளைக் கண்டறியும் ராஷ்டிரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் அப்போது வந்தது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை, பள்ளிக்கு ஒருமுறை செல்லும்; மேல்சிகிச்சை மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில். உள்காதில் ஒலியுணரும் கருவியைப் பொருத்தும் காக்ளியர் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடம்பெற்றது. பிறவிச் செவிட்டுக்குக் காரணமாகும் ரூபெல்லாவுக்கு எதிரான தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தொடங்கியது.

இத்தனையும் ராமநாதபுரம் மாவட்டம் கமுதி வட்டத்து அபிராமம் போன்ற சிற்றூருக்கு எப்படி வந்து சேரும்? முதல் தடை குறையைக் கண்டறிவதில்: காது கேளாத குழந்தைக்குப் பின்னால் தட்டு விழுந்தால் தரையின் அதிர்வை உணர்ந்தே அது திரும்பிவிடும். காது கேட்கிறது என்று வீடு நிம்மதி கொள்ளும். “அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்” என்பார் பாட்டி. இந்த ஆறுதலில் கழியும் மாதங்களைப் பிறகு மீட்க முடியாது. கண்டறிந்த பின்னும் வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி தேவை, அதுவும் ஆண்டுக்கணக்கில். கூலி வேலையை விட்டு, கைக்குழந்தையோடு பேருந்தேறி மாவட்டத் தலைநகருக்குப் போகும் தாய் எத்தனை வாரம் தாக்குப்பிடிப்பாள்? காக்ளியர் கருவி ஒலியைத்தான் தரும். பேச்சைத் தருவது பயிற்சி.

மத்திய அரசு 2018இல் ‘முன்னேற விழையும் மாவட்டம்’ என்று அறிவித்த ராமநாதபுரத்துக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. அடுத்த வேலை, கமுதி வட்டத்திலேயே ஒரு பேச்சுப் பயிற்சியாளரை நிரந்தரமாக அமர்த்துவது. பெற்றோருக்கும் ஒரு சொல்: ஆறு மாதக் குழந்தை உங்கள் குரல் வரும் பக்கம் திரும்பாவிட்டால், அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திராமல் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள்.