குறைத்துக் கட்டிய தாளம்: மினிமல் டெக்னோ, டெக் ஹவுஸ் வரலாறு

மினிமல் டெக்னோவும் டெக் ஹவுஸும் ஆடுதளத்துக்கென்றே செய்யப்படும் மின்னணு இசை வகைகள். பல்லவி, சரணம் என்ற அமைப்பு இவற்றில் கிடையாது. பாடகரும் பெரும்பாலும் இருப்பதில்லை. நிமிடத்துக்கு 120 முதல் 130 அடிகள் வரை சீராக விழும் நான்கடித் தாளமும், அதன்மேல் மெல்ல உருமாறும் ஒன்றிரண்டு ஒலிகளும்தான் இவற்றின் மூலதனம். முதலாவது டெட்ராய்ட்டிலும் இரண்டாவது லண்டனிலும் ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில், 1990களின் முற்பகுதியில், உருவாயின. டெக்னோ விருந்துகளில் வேகமும் இரைச்சலும் ஏறிக்கொண்டே போனபோது, அதைப் பிடிக்காத சிலர் இசையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிக்கத் தொடங்கினார்கள். இரண்டு வகைகளுக்கும் வேர் அந்தக் கழித்தல்தான்.

டெட்ராய்ட் அமெரிக்காவின் கார் தொழில் நகரம். 1950இல் அங்கே சுமார் 18.5 லட்சம் பேர் வசித்தார்கள். தொழிற்சாலைகள் வெளியேறின, 1967 கலவரத்துக்குப் பின் வெள்ளையர் புறநகர்களுக்கு இன்னும் வேகமாகக் குடிபெயர்ந்தார்கள், 1990இல் மக்கள்தொகை 10.3 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அந்த நகரத்தை ஒட்டிய பெல்வில் என்ற சிற்றூரில் பள்ளியில் ஒன்றாகப் படித்த கறுப்பின இளைஞர்கள் மூவர், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன், டெக்னோவைத் தொடங்கிவைத்தவர்களாக அறியப்படுகிறார்கள். எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற பெயரில் இரவு வானொலி நடத்திய சார்லஸ் ஜான்சன், ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்கையும் ஜார்ஜ் கிளின்டனின் ஃபங்க் இசையையும் பிரின்ஸையும் ஒரே இரவில் அடுத்தடுத்து ஒலிபரப்புவார். அவரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இயந்திர ஒலியும் ஃபங்க் தாளமும் தனித்தனி உலகங்களாகத் தெரியவில்லை. அட்கின்ஸ் 1985இல் மெட்ரோபிளெக்ஸ் என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார். 1988இல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்புத் தட்டு ‘டெக்னோ’ என்ற பெயரோடு இந்த இசையை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியது.

அவர்களுக்குக் கிடைத்த கருவிகளும் காலத்தின் கொடைதான். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1983இல் சந்தைக்குக் கொண்டுவந்த டிஆர்-909 டிரம் மெஷின், உண்மையான டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று இசைக்கலைஞர்களால் ஒதுக்கப்பட்டது. சுமார் 10,000 கருவிகளோடு உற்பத்தி நின்றது. பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்த அந்தக் கருவியை சிகாகோ ஹவுஸ் இசைக்காரர்களும் டெட்ராய்ட் இளைஞர்களும் வாங்கினார்கள். வயிற்றில் இடிக்கும் அதன் கிக் ஒலியும் கூர்மையான ஹை-ஹேட் ஒலியும் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு ஆடுதளத்தின் ஒலியாயின.

இசை மக்களைச் சென்றடைந்த வடிவம் 12 அங்குல வினைல் தட்டு. சிறிய 7 அங்குலத் தட்டைவிட இதில் கீறல்களுக்கு இடம் அதிகம். ஆகவே பேஸ் ஒலியை ஆழமாகப் பதிக்க முடியும். டிஜேயின் மேசையில் இரண்டு டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 சுழற்றிகள் இருக்கும். 1979இல் வந்த அந்தக் கருவியில் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ உதவும் ஒரு தள்ளுவிசை உண்டு. நிமிடத்துக்கு 125 அடி ஓடும் தட்டை அதைக் கொண்டு 115க்கும் இறக்கலாம், 135க்கும் ஏற்றலாம். ஒரு தட்டு முடிவதற்குள் அடுத்ததை அதே வேகத்துக்குக் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்து ஓடவிடுவதே டிஜேயின் கைத்திறன். இதற்காகவே இத்தகைய தட்டுகளின் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் மட்டும் நீண்ட நேரம் ஓடும். வீட்டில் தனியாகக் கேட்பவருக்கு அது சலிப்பாக இருக்கலாம். ஆனால் அந்தத் தட்டு இன்னொரு தட்டோடு சேர்வதற்காகவே செய்யப்பட்டது. பாதி வேலையை டிஜேக்கு விட்டுவைத்த இசை அது.

1990களின் தொடக்கத்தில் ஐரோப்பிய விருந்துகளில் தாளம் நிமிடத்துக்கு 150 அடியைத் தாண்டியது. டெட்ராய்ட்டில் மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் நடத்திய அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவும் முரட்டுத்தனமான இசையைத்தான் வெளியிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குழுவில் இருந்த ராபர்ட் ஹூட் வேறு திசையில் திரும்பினார். 1994இல் மில்ஸின் ஆக்ஸிஸ் லேபிளில் அவர் வெளியிட்ட ‘மினிமல் நேஷன்’ இந்த வகையின் மூலநூல் போன்றது. ஒரு டிரம் மெஷின், சில சுரங்கள் மட்டுமே கொண்ட ஒரு சின்தசைசர் வரி, அந்த வரியின் தொனியைத் திறந்து மூடும் வடிகட்டி, இவ்வளவுதான். கேட்கக் கேட்க அந்த ஒற்றை வரி தாளத்தின் மேல் சற்றே இடம் பெயர்வது போலத் தோன்றும். அடிகளுக்கு இடையில் ஹூட் விட்டுவைத்த வெளியில்தான் ஆடுபவரின் உடல் புகுகிறது. ஆகவே இதை வறண்ட இசை என்பது தவறான தீர்ப்பு. ஹூட் ஃபங்க் இசையின் சாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டார். மினிமல் டெக்னோவைக் குளிர்ச்சியான ஐரோப்பியக் கண்டுபிடிப்பாகச் சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அதன் பிறப்பிடம் டெட்ராய்ட் என்பதையும், அதைச் செய்தவர்களில் முதன்மையானவர்கள் கறுப்பினக் கலைஞர்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டில் மில்ஸ் வெளியிட்ட ‘சைக்கிள் 30’ தட்டில் ஒரு விசித்திரம் உண்டு. சாதாரணத் தட்டில் கீறல் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருளும். இதில் சில கீறல்கள் சுருளாமல் வட்டமாக மூடியிருக்கும். ஊசி அதில் இறங்கினால் யாராவது எடுக்கும்வரை அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 1.8 நொடி ஆகிறது. அந்த 1.8 நொடிக்குள் நான்கு அடிகள் அடங்கினால் வேகம் நிமிடத்துக்கு 133 அடி, அதாவது டெக்னோவின் வேகம். தட்டின் ஒரு சுற்றே தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் ஆகிவிடுகிறது. டெட்ராய்ட் தட்டுகள் பலவற்றின் கீறல்களை வெட்டித்தந்தவர் ரான் மர்ஃபி என்ற கைவினைஞர். அவருடைய நேஷனல் சவுண்ட் கார்ப்பரேஷனின் சுருக்கமான என்எஸ்சி என்ற எழுத்துகள், லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறிக்கப்பட்டிருப்பதைப் பழைய தட்டுகளில் காணலாம். சேகரிப்பாளர்கள் தட்டைச் சாய்த்து முதலில் தேடுவது அந்தப் பொறிப்பைத்தான்.

டெட்ராய்ட் ஆற்றின் மறுகரையில் கனடாவின் வின்ட்சர் நகரம். அங்கே வளர்ந்த ரிச்சி ஹாடின், பிளாஸ்டிக்மேன் என்ற பெயரில் 1993இல் ‘ஸ்பாஸ்டிக்’ தட்டை வெளியிட்டார். ஏறத்தாழ முழுவதும் டிரம் மெஷின் ஒலிகளாலேயே கட்டப்பட்ட துண்டு அது. உருளும் ஸ்னேர் ஒலி மட்டுமே கூடிக் குறைந்து நிமிடக்கணக்கில் ஆட்டத்தைப் பிடித்துவைக்கும். 1996இல் மாதம் ஒன்றாக 12 தட்டுகளை ‘கான்செப்ட் 1’ என்ற தொடராகக் கொண்டுவந்தார். டேனியல் பெல் டிபிஎக்ஸ் என்ற பெயரில் 1994இல் செய்த ‘லூசிங் கன்ட்ரோல்’, திரும்பத் திரும்ப வரும் ஒரு குரல் துணுக்கையே முழுத் துண்டாக வளர்த்தது.

பெர்லினில் இந்த இசை காலூன்றியதற்கு அரசியல் வழிவிட்டது. 1989 நவம்பர் 9இல் பெர்லின் சுவர் திறந்தது. உரிமையாளர் யாரென்றே தெரியாத கட்டடங்கள் கிழக்கு பெர்லினில் காலியாகக் கிடந்தன. 1991 மார்ச்சில் டிமிட்ரி ஹெகேமானும் நண்பர்களும் லைப்சிகர் தெருவில், வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் பழைய நிலவறைப் பெட்டகத்தில், ட்ரெசோர் கிளப்பைத் திறந்தார்கள். இரும்புக் கம்பிகள், துருப்பிடித்த பெட்டக அறைகள், தாழ்ந்த கூரை. அதன் லேபிளின் முதல் வெளியீடே டெட்ராய்ட்காரர்கள் செய்த எக்ஸ்-101 தட்டு. டெட்ராய்ட்டில் கூலி கிடைக்காத கலைஞர்களுக்கு பெர்லின் மேடையும் வருமானமும் தந்தது.

கிராய்ட்ஸ்பெர்க் பகுதியில் மார்க் எர்னெஸ்டஸ் 1989 இறுதியில் தொடங்கிய ஹார்ட் வாக்ஸ் என்ற தட்டுக்கடை இன்னொரு மையம். புதுத் தட்டுகள் வந்து இறங்கும் நாளில் டிஜேக்கள் அங்கே கூடுவார்கள். எர்னெஸ்டஸும் மோரிட்ஸ் ஃபொன் ஆஸ்வால்டும் 1993க்கும் 1995க்கும் இடையில் பேசிக் சானல் என்ற பெயரில் ஒன்பது தட்டுகளை வெளியிட்டார்கள். ஜமைக்காவின் டப் இசையில் எதிரொலியைக் கையாளும் முறையை டெக்னோவுக்குள் கொண்டுவந்தவர்கள் இவர்கள். ஒரே ஒரு ஸ்வரக்கொத்து, அதன் எதிரொலி, எதிரொலியின் எதிரொலி என்று பத்து நிமிடத்துக்கும் மேலாக மூடுபனி போலப் பரவும். தட்டு வெட்டும் வேலையை வேறு யாரிடமும் விடக் கூடாது என்று 1990களின் நடுவில் டப்பிளேட்ஸ் அண்ட் மாஸ்டரிங் என்ற வெட்டுக்கூடத்தையும் நிறுவினார்கள். இந்த வகையின் மிகச்சிறந்த ஒலிப்பதிவுகளாக அந்த ஒன்பதையே சொல்லலாம்.

கொலோன் நகரில் வோல்ஃப்காங் ஃபோய்க்ட், தலைப்புக்குப் பதிலாக நிறம் மட்டுமே கொண்ட ‘ஸ்டூடியோ 1’ தட்டுகளைச் செய்தார். அங்கிருந்த தட்டுக்கடை ஒன்றைச் சுற்றித் திரண்ட நண்பர்கள் 1998இல் கொம்பாக்ட் லேபிளை நிறுவினார்கள். சிப், மார்க்கஸ் நிக்கொலாய் இருவரும் 1997இல் தொடங்கிய பெர்லான் லேபிள் வினைலுக்கே முதன்மை தந்தது. சிலியில் பிறந்து, 1973 ராணுவப் புரட்சிக்குப் பின் குழந்தையாக ஜெர்மனிக்கு வந்த ரிக்கார்டோ வில்லலோபோஸ், 2003இல் ‘அல்காச்சோஃபா’ ஆல்பத்தைக் கொடுத்தார். சிறு தாளத்துணுக்குகளில் லத்தீன் அமெரிக்கச் சாயலை அவர் நுழைத்தார். 2006இல் வந்த அவருடைய ‘ஃபிஸ்ஹாயர் சீஹாயர்’, பால்கன் பித்தளை வாத்திய ஒலியை 37 நிமிடம் இழுத்துச் சென்றது.

லண்டனின் கதை வேறு. பிரிட்டனில் 1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொதுவெளியில் ஆயிரக்கணக்கானோர் கூடி நாட்கணக்கில் ஆடினார்கள். 1994இல் வந்த குற்றவியல் நீதிச் சட்டம், திரும்பத் திரும்ப வரும் தாளத்தைக் கொண்ட இசை என்று வரையறுத்தே திறந்தவெளி விருந்துகளைக் கலைக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்கு அளித்தது. ஆட்டம் உரிமம் பெற்ற கிளப்புகளுக்குள் திரும்பியது. டெட்ராய்ட்டின் இயந்திர இறுக்கத்தையும் சிகாகோ ஹவுஸின் குதூகலமான துள்ளலையும் ஒரே இரவில் கலந்து வாசித்த மிஸ்டர் சி, எடி ரிச்சர்ட்ஸ், டெரி ஃபிரான்சிஸ் போன்ற டிஜேக்களால் டெக் ஹவுஸ் உருவானது. ஃபிரான்சிஸும் நேத்தன் கோல்ஸும் 1994 முதல் விகிள் என்ற பெயரில் விருந்துகள் நடத்தினார்கள். மிஸ்டர் சியும் லேயோ பாஸ்கினும் 1995இல் தி எண்ட் கிளப்பைத் திறந்தார்கள். அதன் டிஜே மேடை ஆடுதளத்தின் நடுவிலேயே இருந்தது. தென் லண்டனின் குராய்டனில் ஸ்வாக் ரெக்கார்ட்ஸ் என்ற கடை இந்த வகைத் தட்டுகளுக்குப் பெயர் பெற்றது.

1999 அக்டோபரில் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைக்கு எதிரே, பழைய குளிர்பதனக் கிடங்கில், ஃபேப்ரிக் திறந்தது. அதன் முதல் அறையின் தரைக்கு அடியில் நூற்றுக்கணக்கான அதிர்வுக் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. பேஸ் ஒலி பாதத்தின் வழியே ஏறும். மேலே பெரிதாக எதுவும் நிகழாத டெக் ஹவுஸுக்கு அந்தத் தரை மிகவும் பொருந்தியது. ஃபிரான்சிஸும் கிரெய்க் ரிச்சர்ட்ஸும் அங்கே நிரந்தர டிஜேக்களாக இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு புதிய வெளியீடு ஆடுதளத்தை அடைந்த விதம் நிதானமானது. முதலில் எதுவும் அச்சிடாத வெள்ளை லேபிளோடு சில பிரதிகள் டிஜேக்களுக்குப் போகும். அவர்கள் அதை இரவில் போட்டுப் பார்ப்பார்கள். கூட்டம் அசைந்தால் கடைகளில் விசாரிப்பு தொடங்கும். அதன்பிறகுதான் முழு அச்சு. இணையம் இதை மாற்றியது. மோனோலேக் என்ற பெயரில் பெர்லினின் செயின் ரியாக்‌ஷன் லேபிளில் இசை வெளியிட்ட கெர்ஹார்ட் பேலெஸ், ஏபிள்டன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2001இல் வந்த அதன் லைவ் மென்பொருள் மடிக்கணினியையே இசைக்கூடமாக்கியது. குறைந்த ஒலிகளை வைத்து வேலை செய்தவர்களின் தேவையிலிருந்து பிறந்த கருவி, பிறகு எல்லா வகை இசைக்கும் பொதுவானது. 2004இல் அமெரிக்காவின் டென்வரில் தொடங்கிய பீட்போர்ட், டிஜேக்களுக்கென்றே பாடல் கோப்புகளை விற்றது.

செய்வதும் வெளியிடுவதும் எளிதானதும் சரக்கு பெருகியது. 2000களின் நடுவில் பெர்லினிலிருந்து மினிமல் வெள்ளமாக வந்தது. அதில் பாதி, ஹூட் விட்டுவைத்த வெளியைப் பின்பற்றி, அவர் வைத்திருந்த ஃபங்க்கை மறந்த இசை. விதிவிலக்காக ருமேனியாவில் ராடூ, ராரேஷ், பெட்ரே இன்ஸ்பிரெஸ்கு மூவரும் 2007 வாக்கில் ஆர்பியார் லேபிளைத் தொடங்கி, நீளமான, மென்மையான, மறுநாள் நண்பகல்வரை ஓடக்கூடிய ஒரு மினிமலை வளர்த்தார்கள். டெக் ஹவுஸ் எதிர்த்திசையில் போய் விழா மைதானங்களைப் பிடித்தது. ஆஸ்திரேலியரான ஃபிஷரின் ‘லூசிங் இட்’ 2018இல் வெளியாகி, கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. சட்டென்று ஏறி சட்டென்று விழும் கட்டுமானம், ஒரு வரிக் குரல், பெரும் கூட்டம்: லண்டனின் தொடக்கக்கால டெக் ஹவுஸோடு இதற்குப் பெயர்ப் பொருத்தம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை தீயில் அழிந்தது. தட்டு வெட்டத் தேவையான அரக்குப் பூச்சுத் தகடுகளைச் செய்துவந்த இரண்டு பெரிய நிறுவனங்களில் ஒன்று அது. ஆனாலும், கோப்பு விற்பனை ஓங்கிய பிறகும் சிறு லேபிள்கள் சில நூறு பிரதிகளோடு 12 அங்குலத் தட்டுகளை வெளியிடுவதை நிறுத்தவில்லை. 2024 மார்ச்சில் ஜெர்மனி, பெர்லினின் டெக்னோ பண்பாட்டைத் தன் தேசிய அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.