மோஷப், ஸ்குவானிட்: ஓர் இரட்டைச் சிறுகோளின் பாதையும் அமைப்பும்

1. வரையறை

ஈர்ப்பால் பிணைந்து, பொதுவான நிறைமையத்தைச் சுற்றிவரும் இரு சிறுகோள்களை இரட்டைச் சிறுகோள் என்கிறோம். பெரியது முதன்மை, சிறியது துணை. 1999 மே மாதம் அமெரிக்காவின் லீனியர் தேடல் திட்டம் கண்டறிந்த 66391 மோஷப் அத்தகையது. அதன் துணையான ஸ்குவானிட் 2001 மே மாதம் ரேடார் எதிரொலியில் வெளிப்பட்டது.

2. ஞாயிற்றுப் பாதை

பாதையின் அரைநெட்டச்சு, அதாவது நீள்வட்டத்தின் நெடிய விட்டத்தில் பாதி, 0.64 வானியல் அலகு; ஒரு சுற்றுக்கு 188 நாள். அரைநெட்டச்சு ஒரு வானியல் அலகுக்குக் குறைவாக இருந்தும் புவிப்பாதையைக் கடப்பவை அட்டென் வகை; ஆதலால் இது அவ்வகையைச் சேரும். மையப்பிறழ்ச்சி 0.69 என்பதால் அண்மைநிலை 0.20 அலகில் புதன் பாதைக்கு உள்ளே அமைகிறது, சேய்மைநிலை 1.08 அலகில் புவிப்பாதைக்கு அப்பால் விழுகிறது. பாதைத்தளத்தின் சாய்வு சுமார் 39 பாகை.

3. நிறையும் அடர்த்தியும்

துணையில்லாத சிறுகோளின் நிறையை விண்கலம் நெருங்காமல் அறிவது அரிது. இங்கே துணையே அளவுகோல். ரேடார் எதிரொலி திரும்பும் கால தாமதம் தொலைவைத் தருகிறது. அதிர்வெண் மாற்றம் விரைவைத் தருகிறது. இவ்விரண்டிலிருந்தும் இடைத்தொலைவு சுமார் 2.5 கிலோமீட்டர் எனவும், சுற்றுக்காலம் 17.4 மணி எனவும் பெறப்பட்டன. கெப்ளரின் மூன்றாம் விதியில் இவற்றை இட்டால் மொத்த நிறை ஏறத்தாழ 250 கோடி டன். முதன்மையின் அடர்த்தி தண்ணீரைப் போல் ஏறக்குறைய இரு மடங்கே. திடப்பாறை இதனினும் செறிவானது. எனவே மோஷப்பினுள் வெற்றிடம் மிகுதி, அது ஈர்ப்பால் சேர்ந்திருக்கும் கற்குவியல் என்று கொள்கிறோம்.

4. வடிவமும் காரணமும்

சுமார் 1.3 கிலோமீட்டர் விட்டமுள்ள மோஷப் 2.8 மணிக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. அதன் நடுக்கோட்டை வளைத்து ஒரு மேடு ஓடுகிறது. அங்கே மையவிலக்கு விளைவு ஈர்ப்பை ஏறக்குறைய ஈடுசெய்வதால் கற்கள் பெரும்பாலும் எடையிழந்து கிடக்கின்றன. நம் கருத்தில் இம்மேடே இந்த அமைப்பின் தலைசிறந்த சான்று.

சுழற்சி இவ்வளவு விரைவுற்றது ஏன்? ஒழுங்கற்ற உருவம் சூரிய ஒளியை ஏற்று வெப்பமாக உமிழும்போது மிகச்சிறு திருப்புவிசை எழுகிறது. இதை யார்ப் விளைவு என்பர். அது நெடுங்காலத்தில் சுழற்சியை முடுக்குகிறது. 2008இல் வெளியான கணினி உருவகிப்புகள் அடுத்த கட்டத்தைக் காட்டின: துருவப் பகுதிப் பொருள் நடுக்கோட்டுக்கு நகர்ந்து மேடாகிறது, பிரிந்து சென்ற துகள்கள் சுற்றுப்பாதையில் திரண்டு துணையாகின்றன. புவியருகே கடக்கையில் அலைவிசை பிளந்தது என்ற பழைய விளக்கம் இம்மேட்டுக்குக் காரணம் கூறவில்லை. ஆதலின் யார்ப் விளக்கமே ஏற்கத்தக்கது.