கண்டி வீதியில் பிந்தி வந்த ஆங்கிலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அதே கண்டி வீதியில் தெற்கே இறங்கி, முல்லைத்தீவு வீதி பிரியும் மாங்குளச் சந்திக்கு வந்தால் கதை வேறு. இங்கே ஆங்கிலம் பிந்தி வந்தது. வந்ததும் பலமுறை அறுந்தது.

அமெரிக்க மிஷனரிகள் தெல்லிப்பழைக்கு வந்தது 1816இல். ஏழு ஆண்டுகளில், அவர்களில் ஒருவரான டானியல் பூர் தலைமையில் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது. அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை. செமினரியில் ஆங்கிலத்தோடு தமிழும் கணிதமும் வானியலும் படிப்பித்தார்கள். அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள்.

ஆனால் ஆங்கிலம் படித்த பையன்கள் ஊழியத்துக்குப் போகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்ற கவலை மிஷன் தலைமைக்கு இருந்தது. அந்தத் தலைமையைச் சேர்ந்த றூபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்த்தபின் 1855இல் செமினரி மூடப்பட்டது. ஊரவர்கள் விடவில்லை. அவர்களுடைய முயற்சியின் பலனாக, 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. ஆங்கிலம் வேண்டும் என்று கேட்கத் தெரிந்த, அதற்குக் காசு கட்டக்கூடிய ஒரு சமூகம் அங்கே அதற்குள் உருவாகியிருந்தது.

மாங்குளம் இருக்கும் வன்னியில் அப்படியொரு சமூகம் இல்லை. குடியேற்ற அரசின் அதிகாரி ஜே.பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல் காட்டுவது காடும் காய்ச்சலும் தூர்ந்த குளங்களும் சிதறிக் கிடந்த சிறு கிராமங்களுமான ஒரு நாட்டை. 1905 அளவில் வடக்கு ரயில் பாதை முழுமையடைந்து மாங்குளம் வழியே வண்டி ஓடியது. ஸ்டேஷன் மாஸ்டரின் பதிவேடும் தந்தியும் கச்சேரிக் கடிதமும் ஆங்கிலத்தில்தான். வயலில் நின்ற பிள்ளைக்கு அது உத்தியோகத்தரின் மொழி, அவ்வளவுதான்.

ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம், தமிழ்ப் பாடசாலைக்கு இல்லை என்ற பிரிவை 1945இல் வந்த இலவசக் கல்வி உடைத்தது. தமிழ் போதனா மொழியானது. ஆங்கிலம் இரண்டாம் மொழிப் பாடமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதானது. கொழும்பில் போட்ட திட்டம் நல்ல திட்டம்தான். ஆங்கிலம் படிப்பிக்க வன்னிக்கு வந்து தங்கும் ஆசிரியர்தான் கிடைக்கவில்லை. தமிழர் மீதான 1958, 1977 வன்முறைகளுக்குப் பிறகு தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அந்தப் பற்றாக்குறைக்குள்தான் எழுத்துப் பழகினார்கள்.

பிறகு போர். 1990 யூனில் ரயில் நின்றது. அந்த நவம்பரில் மாங்குளம் இராணுவ முகாம் விழுந்தது. 1998இல் இராணுவம், 1999இல் புலிகள், 2008இல் மறுபடி இராணுவம் என்று ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலத்தில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். 2002 போர்நிறுத்தத்தோடு தொண்டு நிறுவனங்களின் வாகனங்கள் கண்டி வீதியில் வந்தபோது, ஆங்கிலம் தெரிந்தவருக்கு வன்னியிலேயே வேலை கிடைத்தது. அந்த வாசலும் நீண்ட நாள் திறந்திருக்கவில்லை. 2008 செப்டெம்பரில் அந்த நிறுவனங்கள் வெளியேற நேர்ந்தது.

போர் முடிந்து மீள்குடியேறிய பிள்ளைகள் வீதியோரத்தில் கண்ட ஆங்கிலம், மண்டையோட்டுப் படத்தோடு சிவப்புப் பலகையில் இருந்த ‘டேஞ்சர் மைன்ஸ்’.

இத்தனை இடப்பெயர்வுக்குப் பிறகு ஓர் எட்டாம் வகுப்பில் அடிப்படையைத் திரும்பப் படிப்பிப்பது என்றால் என்ன? நாலு கோட்டுக் கொப்பியைத் திரும்ப எடுக்க வேண்டும். எந்த எழுத்து மேல்கோட்டைத் தொடும், எது கீழே இறங்கும் என்று மூன்றாம் வகுப்பில் பழகியிருக்க வேண்டியதை அப்போது பழக வேண்டும். தமிழ் வினைச்சொல்லின் முடிவே வருவது யாரென்று சொல்லிவிடும்: வருகிறேன், வருகிறாய், வருகிறாள். ஆங்கில நிகழ்கால வினையோ பெரும்பாலும் மாறாமல் நின்று, ‘ஹீ’, ‘ஷீ’ போன்றவை வரும்போது மட்டும் கடைசியில் ஓர் ‘எஸ்’ கேட்கும். ‘ஷீ கோ’ என்று எழுதும் பிள்ளையின் கொப்பியில் சிவப்புப் பேனையால் பிழை போட்டால் போதாது. இந்த வேறுபாட்டை அந்தப் பிள்ளையின் தமிழிலிருந்தே காட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஆசிரியர் வேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு திறன்களைப் பாடத்திட்டம் பேசுகிறது. சாதாரண தரப் பரீட்சையின் ஆங்கில வினாத்தாள்கள் நெடுங்காலமாக வாசிப்பையும் எழுத்தையும் மட்டுமே சோதித்து வந்திருக்கின்றன. அதனால் மீட்டல் வகுப்புகளில் கடந்தகால வினாத்தாள்தான் ஓடுகிறது. பேச்சுக்கு நேரம் ஒதுக்குவார் குறைவு. நகரத்துப் பிள்ளை அந்தக் குறையை வீட்டிலோ ரியூசனிலோ நிரப்பிக்கொள்ளும். மாங்குளத்துப் பிள்ளைக்கு பள்ளிக்கூடப் பாடவேளையை விட்டால் ஆங்கிலம் பேச வேறு இடம் அரிது. ரயில் 2013இல் மாங்குளம் வழியே கிளிநொச்சி வரை திரும்ப ஓடத் தொடங்கிவிட்டது. மாங்குளத்தில் இறங்கி, மாற்றலாகிப் போகாமல் நிற்கக்கூடிய ஆங்கில ஆசிரியர்களுக்கு வீடும் படியும் கொடுப்பது கல்வி அமைச்சு இன்று செய்யக்கூடிய வேலை.