கூரைத் தகடும் குடியிருப்போரும்

மெர்சிங்கில் நம்மவர் பிள்ளைகள் மாலையில் கூடிப் படிப்பதற்கென ஒரு சிறு கட்டிடம் எழுப்ப முனைந்தபோது, சுவரைப்பற்றி எவரும் வாதாடவில்லை. கூரைத் தகட்டைப்பற்றியே மூன்று கூட்டங்கள் நடந்தன. துத்தநாகம் பூசிய இரும்பா, அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசியதா, முழு அலுமினியமா என்பதே வழக்கு. அது தீருமுன் இத்தகடு நம்மிடம் வந்த கதையைச் சிறிது சொல்லுவோம்.

நாம் அதனைத் தகரம் என்கிறோம். இந்நாட்டு மண்ணில் தோண்டியெடுத்த வெள்ளீயத்துக்கும் அதற்கும் யாதோர் உறவுமில்லை, அது இரும்பு. மெல்லிய இரும்புத் தகட்டை அலையலையாக வளைத்தால் அது தன் பாரத்தைத் தானே தாங்குமென்று கண்டு, 1829-ம் வருஷத்தில் காப்புரிமை பெற்றவர் இலண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர் என்பார். இரும்பை உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்கு 1837-ல் பிரெஞ்சுக்காரரான சோரெல் உரிமை பெற்றார். துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். அது தீர்ந்தால் துருதான்.

அடுக்கிக் கட்டிக் கப்பலேற்றலாம், ஓட்டைப்போல் உடையாது, கனத்த மரச்சட்டம் வேண்டா, அத்தாப்பைப்போல் சில வருஷத்துக்கொருமுறை மாற்றவும் வேண்டா, தீப்பொறிக்கும் அஞ்சவேண்டா. இத்தனை நலனும் தோட்டக் கணக்கில் ஏறின. பகல் இரண்டு மணிக்கு, தகரம் காய்ந்த லயத்துக்குள் பிள்ளை பெற்றவள் படுத்துக் கிடந்த வெக்கை எந்தப் பத்தியில் ஏறியது? கிராணியாகிய நாம் கணக்கெழுதிப் பிழைப்பவர்; அதற்குப் பத்தியே இல்லையென்பதை அறிந்தே சொல்லுகிறோம். துரைமார் பங்களாவுக்கு உயர்ந்த கூரையும் விதானமும் சுற்றுத் தாழ்வாரமும் இருந்தன. லயத்துக்குப் பெரும்பாலும் வெறுந் தகடே. அத்தகட்டைத் தேர்ந்தவர் அதன்கீழ் உறங்கியவரல்லர்.

அலுமினியம் ஒருகாலத்தில் விலையுயர்ந்த உலோகம். 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்ட மின்முறைக்குப் பின்னரே அது மலிந்தது. நூற்றுக்கு 55 பங்கு அலுமினியமும், எஞ்சியதில் பெரும்பாலும் துத்தநாகமும், சிறிது சிலிக்கானும் சேர்ந்த பூச்சுடைய இரும்புத் தகட்டை 1972-ல் அமெரிக்காவின் பெத்லஹேம் உருக்குக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மெர்சிங்கிலோ நவம்பர் தொடங்கி வாடைப் பருவக்காற்று தென்சீனக் கடலின் உப்பை ஊருக்குள் கொணர்ந்து தெளிக்கிறது. தகட்டின் மேற்புறத்து உப்பை மழை கழுவிவிடும். மழை படாத இறவாரத்து அடிப்புறத்திலே அது தங்கி அரிக்கும். ஆதலின் வெறுந் துத்தநாகப் பூச்சு இங்கே விரைவில் தோற்கும். கலப்புப் பூச்சு அதனினும் நெடுநாள் நிற்கும். ஆயினும் அலையடிக்கும் கரைக்கு அண்மையிலுள்ள கட்டிடங்களை விற்பனையாளர் உறுதிச்சீட்டுகள் பல விலக்கிவிடுகின்றன. வாங்குமுன் அதனைப் படிக்க. கடலருகே அலுமினியமே சிறந்ததென்பது நம் கருத்து. ஆனால் அதனைச் செம்போடு சேர்க்கலாகாது, சாதாரண இரும்பாணியால் அறையலாகாது, ஈரச் சிமெண்டு படவிடலாகாது. விலையும் மிகுதி.

மூன்றாம் கூட்டத்தில் இவற்றையெல்லாம் நாம் எடுத்துரைத்து அமர்ந்தோம். லயத்தில் பிறந்து வளர்ந்த மூதாட்டி ஒருவர், "எந்தத் தகரமோ போடுங்க தம்பி, கீழே பலகை உண்டா?" என்றார். மதிப்பீட்டுத் தாளைப் புரட்டினோம். விதானத்துக்கு ஒரு வெள்ளியும் ஒதுக்கப்படவில்லை. அத்தாளை எழுதியவர் நாமே.