ஒளி மாறும் மீனைக் கண்டவர்

மங்கலானதொரு விண்மீனைத் தேடுவது, முன்பின் அறியாத ஊரில் ஒரு வீட்டைத் தேடுவது போன்றது. எவரும் அறிந்த கோயிலை முதலில் கண்டு, அங்கிருந்து தெரு, தெருவிலிருந்து சந்து என்று செல்ல வேண்டும். தொலைநோக்கியால் விண்ணை ஆய்வோரும் அவ்வாறே ஒளிமிக்க மீனில் தொடங்கி, வான்படத்தின் துணையோடு மீன்விட்டு மீன் தாவி இலக்கை அடைகின்றனர்.

இம்முறைக்கு உயிராவது பிழையற்ற படமேயாகும். அதற்கென உழைத்த இடங்களுள் சென்னை நுங்கம்பாக்கத்து வானோக்கு நிலையமும் ஒன்று. 1792இல் கிழக்கிந்தியக் கும்பினியார் ஆட்சியில் எழுந்த அந்நிலையத்தில், கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டது. 1861இல் அதன் தலைவராக வந்த நார்மன் பாக்சன், அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சிறுகோளொன்றைக் கண்டு அதற்கு ‘ஆசியா’ எனப் பெயரிட்டார். நிலைத்த மீன்களின் இடத்தை நன்கறிந்தவர்க்கே நகரும் கோள் புலப்படும்.

அந்நிலையத்தில் முதல் உதவியாளராகப் பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. மீன்களின் இடங்களை அளந்து பட்டியலிடுவது அவர் பணிகளுள் ஒன்று. புகழ் தராத, பொறுமையை மட்டுமே வேண்டும் பணி அது. அப்பொறுமைக்குப் பயன் 1867 சனவரியில் கிட்டியது. தென்வானத்து ரெடிகுலம் மண்டலத்தில் ஒரு மீன் ஒளி மாறுவதை அவர் கண்டறிந்தார். ‘ஆர் ரெடிகுலி’ என வழங்கும் அம்மீன், சுமார் 280 நாள்களுக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்குகிறது. அதன் உச்ச ஒளி, மங்கிய நிலையினும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மிகுதி. எனினும் உச்சத்திலும் வெறுங்கண்ணுக்கு அது எளிதில் தென்படுவதில்லை.

1871ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை அவர் அவினாசியில் ஆய்ந்தார். 1872இல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினரானார்.  ஆயினும் கற்றோர் அவையோடு அவர் நின்றுவிடவில்லை. 1874இல் வெள்ளி சூரியனைக் கடக்கும் நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்க, உரையாடல் வடிவில் சிறுநூல் இயற்றினார். பஞ்சாங்கக் கணிப்பு கண்ணாற்காணும் வானோடு ஒத்திருக்க வேண்டுமென வலியுறுத்தித் திருக்கணித முறையைப் போற்றினார். 1880இல் அவர் மறைந்தார்.

சென்னையில் அம்மீன் தென் அடிவானுக்கு மேல் சுமார் 14 பாகையே உயரும். ஜொகூர் பாருவிலோ 25 பாகை உயரும். சனவரி நடுவில் மழைமேகம் விலகிய ஓர் இரவு, பத்து மணியளவில், அகத்தியர் பெயரால் தமிழர் அறிந்த ஒளிமிக்க மீனில் தொடங்கலாம். அங்கிருந்து மேற்கே டொராடோ மண்டலத்தின் தலைமீனுக்குத் தாவி, பின் தெற்கே 8 பாகை இறங்கினால் அவ்விடம் வந்துவிடும். தொலைநோக்கியில் அது தோன்றலாம். மங்கும் காலமாயின் தோன்றாமலும் போகலாம். தோன்றாமையையும் நாளிட்டுக் குறித்து வைக்கும் மாணவனே ரகுநாதாச்சாரியின் வழியில் நடப்பவன் ஆவான்.